ஆறு ஷில்லிங்

அன்புள்ள அக்கா,

லீட்ஸில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். பதினொரு வயது மகள், பள்ளித் தோழிகளோடு சேர்ந்து ஊர் கிளப்பில் பெண்கள் ரக்பி லீக் ஆடப் போகிறாள். என் அம்மா ஊரிலிருந்து போன் போட்டு அழுகிறார். எனக்கும் சந்தேகங்கள். அடிபடாதா? ரக்பிதான் என்றால் ரக்பி யூனியனில் சேர்க்கலாமே, நல்ல பள்ளிகளில் அதற்குத்தான் மதிப்பு என்கிறார்கள், சரியா? 2025 மார்ச்சில் லாஸ் வேகஸில் இங்கிலாந்துப் பெண்கள் ஆஸ்திரேலியாவிடம் 90-4 என்று தோற்றதை டிவியில் பார்த்தேன். வடக்கே நாலைந்து ஊர்களுக்குள் நடக்கிற, காசும் பெயரும் வராத ஒரு ஆட்டத்துக்குப் பிள்ளையின் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுப்பது வீண்தானே? நீங்கள் இந்தப் பக்கம் வாழ்ந்தவர் என்பதால் கேட்கிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில்தான் உங்கள் லீட்ஸுக்குப் பக்கத்து ஊரான வேக்ஃபீல்டிலிருந்து என் தோழி ஒரு படம் அனுப்பியிருந்தாள். அவளுடைய பழைய ஜெர்ஸி, தோள்பக்கம் தையல் விட்டது. நாலு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் இந்தப் பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடிபடும். ஓடிவருகிற ஆளைப் பிடித்துக் கீழே சாய்க்கிற ஆட்டம், அடிபடாமல் எப்படி? டேக்கிள் சரியாகச் சொல்லிக்கொடுக்கிற கோச்சா என்று பாருங்கள், தலையில் அடிபட்டால் உடனே வெளியே உட்காரவைக்கிறார்களா என்று கேளுங்கள், பல்லுக்கு மவுத்கார்டு வாங்கிக்கொடுங்கள். அம்மாவிடம் நம் ஊர்க் கபடி மாதிரி என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார். இதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

யூனியனா லீக்கா என்று கேட்டீர்களே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. லீட்ஸில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்கள்! ரயிலில் அரை மணி நேரத்துக்குள் ஹடர்ஸ்ஃபீல்ட். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் அந்தச் சதுக்கத்திலேயே ஜார்ஜ் ஹோட்டல் கட்டடம் நிற்கிறது. 1895 ஆகஸ்ட் 29 அன்று வடக்கத்திய கிளப்காரர்கள் அங்கே கூடித்தான் ரக்பி யூனியனிலிருந்து இந்த லீக் ஆட்டத்தைத் தனியாகப் பிரித்தார்கள். எதற்காகப் பிரிந்தார்கள் தெரியுமா? கூலிக்காக. ஜெயித்ததற்கு இனாம் கேட்கவில்லை, தம்பி. சனிக்கிழமையும் சுரங்கத்துக்கும் மில்லுக்கும் போகவேண்டிய ஆள், ஆட்டத்துக்காக வேலையை விட்டுவிட்டு வந்தால் அந்த நேரத்துக்கான கூலி போய்விடும். போன கூலியை மட்டும் கொடுங்கள் என்றார்கள். புரோக்கன் டைம் என்று அதற்குப் பெயர். 1893 செப்டம்பரில் யார்க்‌ஷர்க்காரர்கள் லண்டனில் நடந்த ரக்பி யூனியன் கூட்டத்தில் இதைக் கேட்டபோது 136 பேர் ஆதரித்தார்கள், 282 பேர் எதிர்த்தார்கள். காசு வாங்காமல் ஆடுவதுதான் கௌரவம் என்றார்கள். ஒரு நாள் கூலி போனால் வீட்டில் அடுப்பு எரியாது என்ற நிலையில் இல்லாதவர்களுக்கு அப்படிச் சொல்வது சுலபம். அதே மாதம் வேக்ஃபீல்ட் பக்கத்து ஃபெதர்ஸ்டன் நிலக்கரிச் சுரங்கத்தில் கதவடைப்பு நடந்துகொண்டிருந்தது, பட்டாளம் சுட்டு இரண்டு பேர் செத்தார்கள். விளையாட்டில் கூலி கேட்டவர்கள் எப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் என்று இதிலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வருஷம் கழித்துத் தனியாகப் போய், ஒரு நாளுக்கு ஆறு ஷில்லிங் வரை கொடுக்கலாம் என்று தீர்மானித்தார்கள். அணிக்குப் பதினைந்து பேர் என்பது பதின்மூன்று ஆனது, விதிகள் மாறியது எல்லாம் அப்புறம். இந்த ஆட்டத்தின் விதை அந்த ஆறு ஷில்லிங். யூனியன்காரர்கள் வெளிப்படையாகக் காசு கொடுக்க 1995 வரை, சரியாக நூறு வருஷம், எடுத்துக்கொண்டார்கள். நல்ல பள்ளிகளில் எதற்கு மதிப்பு என்பதை இதோடு சேர்த்து யோசியுங்கள்.

இத்தனையும் எதற்குச் சொல்கிறேன் என்றால், கூலிக்காகப் பிறந்த அதே விளையாட்டு, அதே ஊர்களில், பெண்களிடம் வந்தபோது அதை மறந்துபோனது. என் கோபம் முழுக்க அதில்தான்.

நான் வேக்ஃபீல்ட் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் ஒன்பது வருஷம் இரவு ஷிஃப்ட் பார்த்தேன். அந்தத் தோழியும் என் ஷிஃப்ட்தான். நல்ல உயரம், பெரிய கை. படுக்கையோடு கிடக்கிற பெரியவர்களை அவள் தூக்கி உட்காரவைத்தால் அவர்கள் முகம் சுளிக்கவே மாட்டார்கள், அவ்வளவு பதமாகத் தூக்குவாள். சனிக்கிழமை இரவு முழுக்க வேலை பார்த்துவிட்டு ஞாயிறு மத்தியானம் ஆடப் போவாள். தூங்காமல் ஆடக்கூடாது என்று திட்டியிருக்கிறேன், சில வாரம் சனி ஷிஃப்டை விட்டுக்கொடுப்பாள், அந்த இரவுச் சம்பளம் போகும். கிளப்புக்குச் சந்தா, பெட்ரோல், பூட்ஸ் எல்லாம் அவள் காசு. ஆடுவதற்காக அவள் பணம் கட்டினாள் தம்பி, ஆறு ஷில்லிங் வாங்கவில்லை. ஒரு பிப்ரவரியில், உறைந்த மைதானத்தில் விழுந்து தோள் எலும்பு முறிந்தது. ஆறு வாரம் வேலை இல்லை. அன்றைய விதிப்படி முதல் மூன்று நாளுக்கு ஒன்றும் கிடையாது, அப்புறம் சட்டப்படிக் குறைந்தபட்சமாகக் கொடுக்கிற நோய்க்காலப் பணம், அதில் வாடகைகூட நிறையாது. விளையாடப் போய் உடைத்துக்கொண்டு வந்தால் நாங்கள் என்ன செய்ய முடியும் என்று மேலாளர் கேட்டார். நானும் இன்னும் இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சாப்பாடு கொண்டுபோனோம். என் சாம்பார் அவளுக்குப் பிடிக்கும், ஒற்றைக் கையால் ரொட்டியை அதில் முக்கிச் சாப்பிட்டுக்கொண்டு, ஏப்ரலில் திரும்ப இறங்கிவிடலாம் இல்லையா என்று என்னிடம் கேட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் நான் அவளைத் திட்டினேன். தவறான ஆளைத் திட்டிவிட்டோம் என்று வீட்டுக்கு வரும் வழியிலேயே தெரிந்துவிட்டது.

அவளுக்கு முன்னாலும் இப்படித்தான். 1996-இல் கிரேட் பிரிட்டன் பெண்கள் ஆஸ்திரேலியா போய்த் தொடரையே ஜெயித்து வந்தார்கள். இன்று 90 அடிக்கிற அதே ஆஸ்திரேலியா. அந்த அணியின் பிரெண்டா டோபெக் வேக்ஃபீல்டில் ஆடியவர். அவரையும் சாலி மில்பர்னையும் லிசா மெக்கின்டாஷையும், பெரிய ஆட்டக்காரர்களைக் கௌரவிக்க 1988-லேயே தொடங்கிய ரக்பி லீக் ஹால் ஆஃப் ஃபேம் பட்டியலில் சேர்த்தது 2022-இல். அதுவரை ஒரு பெண்ணின் பெயர்கூட அங்கே கிடையாது.

நீங்கள் இளப்பமாகச் சொன்ன நாலைந்து ஊர்ப் போட்டிக்கு வருகிறேன். இங்கிலாந்தில் பெண்கள் சூப்பர் லீக் 2017-இல் தொடங்கியது. பிராட்ஃபர்ட், காசில்ஃபர்ட், ஃபெதர்ஸ்டன், தார்ன்ஹில், ஆக நாலே அணி, எல்லாம் ஒரு மணி நேரக் கார் பயணத்துக்குள். முதல் வருஷம் பிராட்ஃபர்ட் ஜெயித்தது. மறு வருஷம் ஆஸ்திரேலியாவிலும் பெண்கள் லீக் வந்தது, அதுவும் நாலு அணியோடுதான். 2023-க்குள் அங்கே பத்து அணி, ஒப்பந்தம் போட்டு ஒரு வீராங்கனைக்குக் குறைந்தபட்சம் 30,000 ஆஸ்திரேலிய டாலர் சம்பளம். இங்கே அதே 2023-இல்தான் லீட்ஸும் யார்க்கும் முதல் முறையாகப் பெண்களுக்குக் கொஞ்சம் பணம் கொடுக்க முன்வந்தன. ஜார்ஜ் ஹோட்டல் கூட்டம் முடிந்து 128 வருஷம் கழித்து! லாஸ் வேகஸில் நீங்கள் பார்த்த 90-4 என்பது பயிற்சிக்கே சம்பளம் வாங்குகிறவர்களும், பெரும்பாலும் வேறு வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் பயிற்சிக்கு வருகிறவர்களும் மோதிய கணக்கு. அதைப் பார்த்துவிட்டு இவர்கள் ஆட்டம் வீண் என்று எழுதுகிறீர்களே, உங்கள் கம்பெனியில் ஒருவருக்குச் சம்பளமும் இன்னொருவருக்கு வெறும் கைதட்டலும் கொடுத்து யார் நன்றாக வேலை பார்க்கிறார்கள் என்று கேட்பீர்களா?

2023 ஆகஸ்டில் பெண்கள் சேலஞ்ச் கப் இறுதி ஆட்டம் முதல் தடவையாக லண்டனின் பெரிய வெம்ப்ளி மைதானத்தில் நடந்தது. செயின்ட் ஹெலன்ஸ் 22, லீட்ஸ் 8. நான் அப்போது ஊருக்குத் திரும்பிவிட்டேன். தோழி மைதானத்திலிருந்து வீடியோ காலில் வந்தாள். கூட்டத்தின் சத்தத்தில் அவள் பேசியது ஒன்றும் கேட்கவில்லை, அழுதுகொண்டிருந்தாள் என்பது மட்டும் தெரிந்தது.

உங்கள் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தவறவிட வேண்டாம். நீங்களும் போய் நில்லுங்கள், குளிரும், தெர்மாஸில் டீ கொண்டுபோங்கள். அப்புறம், பெயரையும் ஊரையும் மறைத்து உங்கள் மகளைப் பற்றித் தோழியிடம் சொன்னேன். முன்னால் மோதுகிற ஃபார்வர்டா, பின்னால் நின்று ஓடுகிற பேக்கா என்று உடனே கேட்டாள். நீங்கள் அதை எழுதவில்லை. கேட்டு எழுதுங்கள், அவள் காத்திருக்கிறாள்.

அன்புடன்,
அக்கா