ட்ரூப்பில் கார் இல்லாமல் வசிக்க முடியுமா?

வணக்கம். சுவிட்சர்லாந்தின் ட்ரூப்ஷாகனில் வேலை கிடைத்திருப்பதாகவும், அருகிலுள்ள ட்ரூப்பில் வீடு பார்த்திருப்பதாகவும், கார் இல்லாததால் தயங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். முகவரியில் ட்ரூப் என்று இருப்பதை மட்டும் நம்பி ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம் என்று அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன்.

பெர்ன் மாநிலத்தின் எம்மெண்டால் பகுதியில் உள்ள ட்ரூப் ஊராட்சி ஏறத்தாழ 62 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. மக்களோ சுமார் 1,300 பேர்தான். நாப்ஃப் மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் அரித்த குறுகிய பள்ளங்களை அங்கே 'கிராபென்' என்பார்கள். பண்ணைவீடுகள் ஒன்றாகக் கூடி நிற்காமல், அப்பள்ளங்களிலும் அவற்றுக்கு மேலேயுள்ள சரிவுகளிலும் முகடுகளிலும் தனித்தனியே சிதறிக் கிடக்கின்றன. சொத்தைப் பிரிக்காமல் கடைசி மகனுக்கே பண்ணையை விடும் பழைய வழக்கத்தால்தான் அப்பண்ணைகள் இன்றும் பெரியனவாக இருக்கின்றன. தாழ்ந்திறங்கும் கூரையின் கீழே, சுவரை ஒட்டி விறகு அடுக்கியிருப்பதைக் காண்பீர்கள்.

பேருந்து பள்ளத்தாக்கின் அடியில்தான் ஓடுகிறது. ஆகவே நிறுத்தத்திலிருந்து வீடு வரை எத்தனை மீட்டர் ஏற வேண்டும் என்பதை வரைபடத்தின் உயரக் கோடுகளில் பாருங்கள். கடைசிப் பேருந்தின் நேரத்தையும், வீட்டுப் பாதையில் பனியை அகற்றுபவர் யார் என்பதையும் உரிமையாளரிடம் கேளுங்கள். முடிந்தால் ஒரு குளிர்கால மாலையில் அந்தப் பாதையில் நடந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.