இகுவானா, டெகு, மானிட்டர்: வீட்டில் வளர்க்கச் சாதுவான பெரிய பல்லி எது, பராமரிப்பு எளிதா?

உங்கள் கேள்வியில் "சாது" என்ற அந்த ஒரு சொல்லைப் பார்த்ததால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். 2013 ஜூன் மாதம் சென்னையில் ஒரு கடைக்காரர், சாண் நீளமுள்ள பச்சை இகுவானாக் குஞ்சை என் உள்ளங்கையில் வைத்து, "ரொம்ப சாது சார், வைத்த இடத்தில் அப்படியே இருக்கும்" என்றார். அப்படியேதான் இருந்தது. ஐயாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன். அது ஏன் அப்படியே இருந்தது என்று எனக்குப் புரிவதற்கு எட்டு மாதம் ஆயிற்று.

நீங்கள் வாடகை வீட்டில் இருக்கிறீர்கள், பகலில் வேலைக்குப் போகிறீர்கள், நாய் வளர்க்க வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார், குரைக்காத, முடி கொட்டாத பிராணியாக இருக்கட்டும் என்று நினைக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். கேள்வியில் நீங்கள் அப்படி எழுதவில்லை. ஆனால் எனக்கு இந்த ஆசை வந்த வழி அதுதான்.

முதலில் மானிட்டரைத் தள்ளிவிடுவோம். மானிட்டர் என்றால் நம் உடும்பின் இனம். நம் ஊர் உடும்பு 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடித்தாலும் வைத்திருந்தாலும் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகம் ஏழு ஆண்டு சிறை. "கிராமத்தில் பிடித்துத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம். வெளிநாட்டு வியாபாரத்தில் அதிகம் புழங்கும் சவன்னா மானிட்டர் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பெருமளவில் ஏற்றுமதியாவது. காட்டில் பூச்சியும் நத்தையும் தேடி நாள் முழுவதும் அலைகிற பிராணி அது. வீட்டில் எலியாகப் போட்டுப் போட்டு, கொழுப்பு அடைத்துச் சில வருடங்களிலேயே செத்துப்போகிறது. அது வெயில் காயும் இடத்தின் தரை 55 டிகிரிக்கு மேல் சுட வேண்டும், தோண்டுவதற்கு ஆழமான மண் வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இது நடக்காது.

இனி என் கதை. உங்கள் கேள்விக்கான பதில் அதில்தான் இருக்கிறது.

குஞ்சுக்கு முத்து என்று பெயர் வைத்தோம். மூன்றடிக் கண்ணாடித் தொட்டி வாங்கி, ஜன்னல் ஓரமாக வைத்தோம். காலை வெயில் நேராக விழும் ஜன்னல், இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தேன். வெள்ளரிக்காய், பசலைக்கீரை, வாரம் ஒருமுறை அவித்த முட்டை. எல்லாம் கடையில் சொன்னபடிதான். மடியில் வைத்தால் மடியில் இருப்பான், தோளில் வைத்தால் தோளில் இருப்பான். வந்த உறவினர்கள் எல்லாரும் தோளில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். பின்தொடைகள் இரண்டும் உருண்டு திரண்டு வந்தன. நன்றாகச் சதை பிடிக்கிறது என்று அம்மா மகிழ்ந்துபோனார்.

எட்டாவது மாதம் ஒருநாள் காலையில் வெள்ளரித் துண்டைக் கடிக்கப் போனவன், கடிக்க முடியாமல் நாக்கால் தள்ளிக்கொண்டே இருந்தான். கீழ்த்தாடையை விரலால் தொட்டேன். அழிரப்பரைப் போல வளைந்தது. முன்கால் விரல்கள், வீணைத் தந்தியைத் தட்டிவிட்டதுபோல, தாமாகவே அதிர்ந்துகொண்டிருந்தன.

முதலில் பார்த்த மருத்துவர், "கொழுத்துவிட்டது, தீனியைக் குறையுங்கள்" என்று சொல்லி அனுப்பினார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, நாயும் பூனையும் பார்ப்பவர். இரண்டாவது மருத்துவர் எக்ஸ்ரே எடுத்தார். படத்தில் எலும்பு எது, சதை எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எலும்புச் சுண்ணாம்பு அந்த அளவுக்குக் கரைந்திருந்தது. நாங்கள் பெருமைப்பட்ட தொடைகளில் இருந்தது சதை அல்ல. மெலிந்துபோன எலும்பைத் தாங்குவதற்காக உடல் சுற்றிக் கட்டிய நார்த்திசு.

காரணம் எளிமையானது. இகுவானாவின் தோலில் வெயிலில் உள்ள யுவிபி என்ற புற ஊதாக் கதிர் பட்டால்தான் வைட்டமின் டி3 உருவாகும், அது இருந்தால்தான் தின்ற தீனியிலிருந்து கால்சியம் உடலில் சேரும். கண்ணாடி வெளிச்சத்தை விடும், சூட்டை விடும், யுவிபியை விடாது. பசலைக்கீரையில் இருக்கும் ஆக்சலேட் என்ற உப்பு கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெள்ளரியில் தண்ணீரைத் தவிரப் பெரிதாக ஒன்றுமில்லை. முட்டையோ இலைதழை மட்டுமே தின்னும் பிராணிக்குத் தேவையே இல்லாதது. வெயில் நிறைந்த ஊரில், என் குழந்தைக்கு வெயில் கிடைக்காமல் எலும்பு கரைந்தது.

கால்சியம் ஊசி, பிறகு சொட்டு சொட்டாகக் கால்சியம் மருந்து. மொட்டை மாடியில் கம்பிவலைக் கூண்டு, பாதி நிழல் பாதி வெயில், காலையில் ஒரு மணி நேரம். கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்துவிடாதீர்கள், சில நிமிடங்களில் வெந்துவிடும். மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து ஆமைக்கென்று விற்கும் யுவிபி குழல்விளக்கு வாங்கி வந்தார். தீனி முழுவதும் மாறியது: முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, செம்பருத்தி இலையும் பூவும், துருவிய பரங்கிக்காய், பீன்ஸ்.

ஆறு மாதத்தில் தாடை இறுகியது. இறுகிய பிறகு முத்து என்னை முதன்முறையாக வாலால் அடித்தான். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சிவந்து தடித்துவிட்டது. அன்றுதான் எனக்கு உறைத்தது. கடையில் அவன் அசையாமல் இருந்தது பயத்தால். வீட்டில் அசையாமல் இருந்தது நோயால். ஆகவே கடையில் எந்தக் குஞ்சு அமைதியாக உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். கை அருகே போனால் ஓடுகிற, திமிறுகிற, நாக்கை நீட்டி மோப்பம் பிடிக்கிற குஞ்சு ஆரோக்கியமானது.

"என் இகுவானா குழந்தை மாதிரி என் நெஞ்சில் தூங்குகிறது, நீங்கள் பயமுறுத்துகிறீர்கள்" என்று யாராவது கீழே எழுதுவார்கள், தெரியும். முத்துவும் என் நெஞ்சில் தூங்கியிருக்கிறான். பழக்கினால் பழகும் பிராணிதான். எங்களுக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. தலை உச்சியில் வெளிறிய ஒரு செதில் தெரியும், அது மூன்றாவது கண். உருவம் தெரியாது, ஆனால் மேலே நிழல் விழுந்தால் உணரும். மேலிருந்து வரும் எதுவும் அதற்குப் பருந்துதான். ஆகையால் கையைப் பக்கவாட்டில், தாழ்வாக, மெதுவாகக் கொண்டுபோக வேண்டும். இது தெரியாமல் மேலிருந்து அமுக்கிப் பிடித்துவிட்டு "முரட்டுப் பிராணி" என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர்.

ஆனால் பருவம் வந்த ஆண் இகுவானாவைப் பற்றிக் கடையில் யாரும் சொல்வதில்லை. குஞ்சில் ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதும் கடினம். மூன்று வயதுக்குப் பிறகு, முத்துவுக்கு ஒவ்வொரு மார்கழியிலும் முன்கால்கள் செம்மஞ்சளாக மாறும். தாடைக்குக் கீழே தொங்கும் தோலை விரித்து, தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருப்பான். 2016 டிசம்பரில் தீனித்தட்டை எடுக்கக் கை நீட்டினேன். கட்டைவிரலின் அடிச்சதையைக் கவ்வினான். ஒவ்வொரு பல்லின் விளிம்பும் ரம்பம்போல இருக்கும், இலையை அறுப்பதற்கான பல். கவ்வியவன் விடவில்லை. "உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும்" என்று நம் முன்னோர் சொன்னதன் பொருள் அந்த அரை நிமிடத்தில் எனக்கு எழுத்துக்கு எழுத்து விளங்கியது. ஆறு தையல். அது அவன் குற்றம் இல்லை. இரண்டு மாதம் கழித்துப் பழையபடி வந்து என் காலடியில் படுத்துக்கொண்டான். பெண் இகுவானா இவ்வளவு சீறாது, ஆனால் ஆண் துணை இல்லாமலேயே முட்டை உருவாகும். குழி தோண்டி இட இடம் இல்லாவிட்டால் முட்டை உள்ளேயே தங்கி உயிருக்கே ஆபத்தாகும்.

பராமரிப்பு எளிதா என்று கேட்டீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் நான்கு நாள் மின்சாரம் இல்லை. இகுவானாவின் வயிற்றில் இலை நொதித்துச் செரிக்க உடல் சூடாக இருக்க வேண்டும், வெயில் காயும் இடம் 35 டிகிரிக்குக் குறையக்கூடாது. இரண்டாம் நாள் காலையில் பச்சை நிறம் கறுத்து, கண்ணைத் திறக்காமல் கிடந்தான். அடுப்பில் வெந்நீர் வைத்துப் பாட்டிலில் ஊற்றி, துண்டில் சுற்றி, அவன் வயிற்றுக்குக் கீழே வைப்பேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவேன். இரவில் என் சட்டைக்குள் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கினேன். குடிதண்ணீரும் எரிவாயுவும் தீர்ந்துவிடுமோ என்ற கவலையில் வீடே இருந்தபோது, பல்லிக்கு வெந்நீர் போடுகிறேன் என்று மனைவி கோபித்துக்கொண்டது நியாயம்தான். மூன்றாம் நாள் இரவு அவரே எழுந்து பாட்டிலை மாற்றினார்.

இப்போது முத்து ஐந்தேகால் அடி. அவனுக்காக ஓர் அறையையே விட்டுக்கொடுத்திருக்கிறோம். ஆறடி உயரம், ஆறடி நீளம், மூன்றடி அகலக் கூண்டு என்பது குறைந்தபட்சம், ஏனென்றால் மரத்தில் வாழும் பிராணிக்கு உயரம்தான் வீடு. ஆயுள் பதினைந்து, இருபது வருடம். தொட்ட பிறகு ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமி ஆரோக்கியமான பல்லியிடமும் இருக்கும். கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு இது வேண்டாம்.

வாடகை வீடு என்றதும் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. 2018-இல் நாங்கள் காலி செய்த வீட்டில் பத்து மாத வாடகையை முன்பணமாக வாங்கியிருந்தார்கள். திருப்பித் தரும்போது வெள்ளையடிக்க ஒரு மாதம், "பிராணி வைத்திருந்ததால் சுத்தம் செய்ய" இன்னொரு மாதம் என்று பிடித்துக்கொண்டார்கள். முத்து இருந்த அறையின் சுவரில் ஒரு கீறல் இல்லை, நாற்றம் இல்லை. படம் எடுத்துக் காட்டினேன். பேச்சே இல்லை. ஐந்து வருடம் ஒரு நாள் தவறாமல் வாடகை கொடுத்தவனிடம் இப்படிச் செய்கிறார்கள். பிராணியோடு வீடு மாறுவது என்றால் என்ன என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

தென் அமெரிக்கப் பல்லியான டெகுவைப் பற்றி: குணத்தில் மூன்றிலும் மேலானது அர்ஜென்டினக் கருப்பு வெள்ளை டெகுதான் என்று நினைக்கிறேன். நான் வளர்த்ததில்லை. நண்பர் வீட்டில் ஒன்றோடு பல நாள் இருந்திருக்கிறேன். பெயர் சொல்லி அழைத்தால் தலையை உயர்த்திப் பார்க்கும், சோபாவில் ஏறி வந்து மனிதரோடு ஒட்டிப் படுக்கும். ஆனால் நான்கடி வளரும், முட்டை, இறைச்சி, பூச்சி, பழம் எல்லாம் வேண்டும், எட்டடிக்கு நான்கடி இடமும் புதைந்து படுக்க மண்ணும் வேண்டும். குளிர்காலத்தில் மாதக்கணக்கில் உறங்கப் போய்விடும். பசியில் விரலுக்கும் தீனிக்கும் வித்தியாசம் பார்க்காது, ஆகவே கையால் ஊட்டக்கூடாது.

உங்கள் நிலைமை நான் நினைத்தபடி இருந்தால், "பெரிய" என்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்பேன். ஆஸ்திரேலிய நீலநாக்கு அரணை இரண்டடிக்குள் நின்றுவிடும், தரையில் வாழ்வது, குணத்தில் உண்மையிலேயே நிதானமானது. எதுவானாலும் சட்டத்தைப் பாருங்கள். வனவிலங்குச் சட்டத்தின் 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, இகுவானா, டெகு போன்று சைட்டீஸ் (அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள வெளிநாட்டுப் பிராணிகளை வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். முத்துவுக்குப் பதிவு இருக்கிறது. காகிதம் இல்லாமல் விற்கும் கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள்.

"காட்டுப் பிராணியைக் கூண்டில் அடைத்துவிட்டு உபதேசமா" என்று கேட்பவர்களுக்கு: இன்றைக்கு இருக்கும் அறிவோடு 2013-இல் அந்தக் கடை வாசலில் நின்றிருந்தால் வாங்கியிருக்க மாட்டேன். வாங்கிவிட்ட பிறகு அவனை விட்டுவிட எனக்கு மனமில்லை, விடுவதற்கு இந்த நாட்டில் அவனுக்குக் காடும் இல்லை.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், முதலில் வளர்ந்த ஆண் ஒன்றை அதன் பருவகாலத்தில் யார் வீட்டிலாவது நேரில் பாருங்கள். குஞ்சு வாங்கும் முன்பே விளக்கை வாங்குங்கள். அந்தக் குழல் பார்ப்பதற்குப் பளிச்சென்று எரிந்துகொண்டேதான் இருக்கும், ஆனால் ஒரு வருடத்துக்குள் யுவிபி வற்றிவிடும், கண்ணுக்குத் தெரியாது. மாட்டிய தேதியை விளக்கைத் தாங்கும் சட்டகத்தின் மேலேயே எழுதி வையுங்கள். முத்துவின் விளக்குச் சட்டகத்தில், ஒன்றை அடித்து அதன் கீழ் ஒன்றாக, பதினொரு தேதிகள் இருக்கின்றன.