கேளுங்க, சொல்றோம்: கோட்டையூர்க்காரங்க ரெண்டு பேர்

கேள்வி: காரைக்குடியில யுனிவர்சிட்டி இருந்து டிகிரி குடுக்குறதத் தவிர நம்ம ஊருக்கு என்ன பிரயோஜனம்? (தேவகோட்டை வாசகி)

பதில்: ஆச்சி, கோபம் புரியுது. ஆனா 1947-ல கோட்டையூர் அழகப்பச் செட்டியார் காலேஜ் ஆரம்பிக்கலேன்னா நம்ம வீட்டுப் பொண்ணுங்க படிக்க மதுரைக்கோ திருச்சிக்கோதான் பஸ் ஏறணும், சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) வரணும்னு அவரு 300 ஏக்கரும் 15 லட்சமும் குடுத்தாரு, 1948-ல நேரு வந்து அடிக்கல் நட்டாரு, யுனிவர்சிட்டி 1985-லதான். அதெல்லாம் சரி.

எனக்கு உறுத்துறது வேற. அதே கோட்டையூர்க்காரர்தான் ரோஜா முத்தையாவும், வாழ்நாள் பூரா பழைய புஸ்தகம், பத்திரிகை, நோட்டீஸ்னு சேர்த்து வச்சாரு, அவரு போனப்புறம் அத வாங்கிக் காப்பாத்துனது சிகாகோ யுனிவர்சிட்டி, லைப்ரரி இப்ப சென்னையில. பத்திரமா இருக்குல்ல, அது போதும்தான், ஆனாலும்...

ஆத்தங்குடிக்குப் போய் டைல்ஸ் செய்றதப் பாருங்க. கண்ணாடி மேல அச்ச வச்சு, கட்டம் கட்டமா கலர் சிமெண்ட ஊத்தி, அச்ச எடுத்துட்டு மேல மணலும் சிமெண்டும் போட்டு அமுக்குறாங்க, சூளையே கெடையாது, தண்ணில ஊறப்போட்டுக் காயவைக்கிறதுதான். கலர் எவ்வளவு தண்ணியா இருக்கணும்னு அந்தக் கைக்குத்தான் தெரியும். நம்ம கண்டாங்கிச் சேலைக்கு 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சுது, சந்தோஷம், ஆனா தறியில உக்கார ஆள் வேணுமே! யுனிவர்சிட்டி ஒரு டைல்ஸ் செய்றவரையோ நெசவாளியையோ கிளாஸுக்குக் கூப்புட்டு, சம்பளமும் குடுத்து, பாடம் எடுக்கச் சொல்லட்டும். மொத பெஞ்சுல நானே வந்து உக்காருறேன்.