தொண்ணூறு மீட்டர் தூரம்

வணக்கம் அண்ணா,

லெஸ்டரில் இருந்து எழுதுகிறேன். வட இங்கிலாந்தின் செட்டில்–கார்லைல் ரயில் பாதையை நீங்கள் சின்ன அளவில் மாடலாகச் செய்துவருவது பற்றி எழுதியதை என் மகனுக்குப் படித்துக் காட்டினேன். அவனுக்குப் பன்னிரண்டு வயது. தமிழ் நன்றாகப் பேசுவான், படிக்கத்தான் தடுமாறுவான். அன்றிலிருந்து தனக்கும் அந்தப் பாதையில் உள்ள ரிபிள்ஹெட் பாலம் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். அவன் அறையில் ஆறடி நீளம், ஓரடி அகலத்துக்கு ஒரு பலகை போடலாம், அவ்வளவுதான் இடம். ஓஓ-கேஜ் என்ற மாடல் அளவில் வாங்கினால் வண்டி பெரிதாகத் தெரியும் என்கிறார் என் கணவர். நீங்களோ அதைவிடச் சின்ன அளவான என்-கேஜில் செய்கிறீர்கள். அவ்வளவு சின்னதில் என்னதான் தெரியும்? இன்னொன்றும் கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். அழகான நீராவி எஞ்சின்கள் ஓடிய பாதை அது. அதை விட்டுவிட்டு, 1990 வாக்கில் ஓடிய ரெண்டு பெட்டி டீசல் வண்டியைப் போய் ஏன் செய்கிறீர்கள்?

— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகனின் பலகையில் இருந்தே ஆரம்பிக்கிறேன். ரிபிள்ஹெட் பாலத்துக்கு 24 வளைவுகள், நீளம் ஏறத்தாழ 400 மீட்டர். பிரிட்டிஷ் என்-கேஜின் அளவு 1:148, அதாவது நிஜத்தில் 148-இல் ஒரு பங்கு. வகுத்துப் பார்த்தால் 2 மீட்டர் 70 சென்டிமீட்டர் வருகிறது. ஆறடிப் பலகை 1 மீட்டர் 83 தான். ஓஓ-கேஜ் 1:76. அதில் பாலம் மட்டுமே ஐந்தேகால் மீட்டருக்குப் போய்விடும். ஆக, ஓஓ-வை மறந்துவிடலாம். என்-கேஜிலும் முழுப் பாலம் அடங்காது.

இந்த இடத்தில் பலரும் செய்வது, வளைவுகளைக் குறைத்துப் பன்னிரண்டில் நிறுத்திக்கொள்வது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ரிபிள்ஹெட்டில் ஒவ்வொரு ஆறாவது தூணும் மற்றவற்றைவிடத் தடிமனாக இருக்கும். ஒரு தூண் சரிந்தாலும் பாலம் முழுக்கச் சீட்டுக்கட்டு போல விழுந்துவிடக் கூடாது என்று 1870-களில் அப்படிக் கட்டினார்கள். ஆறு வளைவு, ஒரு தடித்த தூண், மறுபடி ஆறு வளைவு என்று வெட்டவெளியில் அது நீண்டுகொண்டே போவதுதான் அதன் கம்பீரம். பாதியாக்கினால் அது வேறு பாலம். உங்கள் மகனும் ஒருநாள் நேரில் பார்க்கும்போது அதைக் கண்டுபிடித்துவிடுவான்.

அதே பாதையில் வடக்கே சில மைல் தள்ளி ஆர்ட்டன் கில் என்று ஒரு பாலம் இருக்கிறது. பதினொரு வளைவுகள், 117 அடி உயரம், 201 மீட்டர் நீளம். என்-கேஜில் 1 மீட்டர் 36 சென்டிமீட்டர் நீளம், 24 சென்டிமீட்டர் உயரம். ஒரு வளைவைக்கூடக் குறைக்காமல் அவன் பலகையில் உட்காரும். ரிபிள்ஹெட்டைவிட இது உயரமும் கூட. புகழ் மட்டும்தான் கம்மி. இருபுறமும் 23 சென்டிமீட்டர் மிஞ்சும். நீங்கள் கேட்ட அந்த ரெண்டு பெட்டி டீசல் வண்டி, ஸ்பிரின்டர், 31 சென்டிமீட்டர் என்பதால் அங்கே ஒளிந்து நிற்க இடம் போதாது. பக்கத்துக்கு ஒன்றாக 40 சென்டிமீட்டர் பலகை செய்து, ஓட்டும்போது மட்டும் மாட்டிவிட்டுப் பிறகு கழற்றி வைக்கச் சொல்லுங்கள்.

இனி, சின்னதில் என்ன தெரியும் என்ற கேள்வி. என் முதல் மூன்று வருடங்களை வீணடித்த கேள்வி அது. நானும் எல்லாம் தெரிய வேண்டும் என்றுதான் நினைத்தேன். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு கதவுக் கைப்பிடிக்கு வண்ணம் தீட்டினேன், மஞ்சள் முகப்பில் விளக்கின் விளிம்பைத் தனியாக வரைந்தேன். ஒவ்வொன்றும் சரியாகவே வந்தது. மொத்தமாகப் பார்த்தால் பொம்மைக்கடை அலமாரி.

ஒரு அக்டோபர் மாலை, ரிபிள்ஹெட்டில் பாலத்துக்குக் கீழே நடந்துகொண்டிருந்தேன். மேலே வண்டி போனது. அதன் கைப்பிடி எனக்குத் தெரியவில்லை. அழுக்கேறிய ஒரு நீலக் கோடு, அதன் நடுவே மங்கலான மஞ்சள் ஜன்னல்கள், கீழே ஈரத்தில் கறுத்த கல், சுற்றிலும் காய்ந்த வைக்கோல் நிறத்தில் மலைச்சரிவு. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். மாடலை நாம் பார்ப்பது அறுபது சென்டிமீட்டர் தள்ளி நின்று. அதை 148-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 90 மீட்டர். அத்தனை தூரத்தில் நின்று பார்க்கும் கண்ணுக்குத் தெரிவதைத்தான் நான் செய்ய வேண்டும். என்-கேஜில் நாம் செய்வது சின்ன ரயிலை அல்ல, தூரத்தை. இது புரிந்த பிறகு என் பலகையில் பாதியைப் பெயர்த்து எடுத்துவிட்டேன்.

அந்தத் தூரத்தில் சுத்தமான கறுப்பு கிடையாது, சுத்தமான பச்சையும் கிடையாது. எல்லா வண்ணத்திலும் வெளிர்சாம்பல் கொஞ்சம் கலந்தாக வேண்டும். கடையில் புல் என்று விற்கும் பச்சைத் தூளை அப்படியே போடவே கூடாது. அந்த மலைகளில் சுவருக்குள் இருக்கும் மேய்ச்சல் நிலம்தான் பச்சை. சுவரைத் தாண்டினால் பழுப்பு, வைக்கோல், கொஞ்சம் துரு நிறம். அங்கே நிலத்தின் நிறத்தைப் பிரித்துக் காட்டுவதே அந்தச் சுவர்தான்.

சாந்து இல்லாமல் கல்லை அடுக்கியே எழுப்பிய சுவர்கள் அவை. உயரம் ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. என்-கேஜில் 9 அல்லது 10 மில்லிமீட்டர். காற்றில் காயும் களிமண்ணைப் பட்டையாகத் தேய்த்து, அடியில் 4 மில்லிமீட்டர், உச்சியில் 2 என்று இருபுறமும் உள்சாய்வாக ஒட்ட வெட்டுவேன். முழுக்கக் காய்வதற்குள் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் குத்தி, பிறகு ஊசியால் குறுக்குக் கோடுகளை ஒழுங்கில்லாமல் கீறுவேன். கல் ஒவ்வொன்றையும் செதுக்க முயல வேண்டாம். 90 மீட்டரில் கல் தெரியாது, சுவரின் சொரசொரப்புதான் தெரியும். தெரிந்தே ஆக வேண்டியது உச்சி வரிசை மட்டும். அங்கே கற்களைப் படுக்க வைக்காமல் நிற்க வைத்திருப்பார்கள். பிளேடு நுனியால் உச்சியில் நெருக்கமாக வெட்டுக் கொடுத்தால் வானத்துக்கு எதிரே அந்தப் பல்வரிசை வந்துவிடும். ஒரு மீட்டர் சுவருக்கு எனக்கு ரெண்டு மாலைப்பொழுது ஆகிறது. அந்த மாலைகள்தான் இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தவை.

உங்கள் கணவர் தண்டவாளத்தைப் பார்த்துவிட்டு ஒரு குறை சொல்லக்கூடும், அது நியாயமானதே. ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் என்-கேஜ் 1:160. பிரிட்டனின் சுரங்கங்களும் பாலங்களும் பழையவை, குறுகியவை. அதற்கேற்ப வண்டிகளும் ஒல்லி. அன்றைய மோட்டார் அந்த ஒல்லி உடம்புக்குள் நுழையவில்லை. அதனால் உடம்பை 1:148-க்குப் பெருக்கிவிட்டு, தண்டவாள இடைவெளியை மட்டும் எல்லோரையும் போல 9 மில்லிமீட்டரிலேயே வைத்துக்கொண்டார்கள். கணக்குப்படி 9.7 இருக்க வேண்டும். இதைச் சகிக்காதவர்கள் 1:152 அளவில், 9.42 மில்லிமீட்டர் இடைவெளியில் தண்டவாளத்தைத் தாங்களே செய்துகொள்கிறார்கள். அந்தப் பொறுமைக்கு என் வணக்கம். பன்னிரண்டு வயதில் அது தேவையில்லை. ஜல்லியில் மட்டும் கவனம் வேண்டும்: நிஜத்தில் ஐந்து சென்டிமீட்டர் கல், மாடலில் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. சலித்த மெல்லிய மணலே போதும். கோந்துத் தண்ணீரைச் சொட்டு விடும்போது தண்டவாளம் பிரியும் இடத்தை விட்டுவிடச் சொல்லுங்கள். அங்கே கோந்து இறங்கி, நகரும் தண்டு ஒட்டிக்கொண்டதால் ஒரு முழுப் பிரிவை நான் இழந்திருக்கிறேன்.

ரெண்டு பெட்டி டீசல் ஏன் என்று கேட்டீர்கள். தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? எனக்கு மனசுக்கு நெருக்கமான கேள்வி அது.

நஷ்டம் தரும் பாதைகளையும் நிலையங்களையும் மூடச் சொல்லி 1963-இல் பீச்சிங் அறிக்கை வந்தது. பட்டியலில் இந்தப் பாதையும் இருந்தது. அப்போது தப்பினாலும், 1970-இல் செட்டில், ஆப்பிள்பி இரண்டைத் தவிர இடையில் இருந்த சின்ன நிலையங்களையெல்லாம் மூடினார்கள். 80-களில் பாதையையே மூடப் போவதாக அறிவித்தார்கள். ரிபிள்ஹெட் பழுதாகிவிட்டது, சரிசெய்யப் பணம் இல்லை என்பது முக்கியக் காரணம். எடையைக் குறைக்க 1985-இல் அந்தப் பாலத்தின் மேல் ஒற்றைத் தண்டவாளமாக்கினார்கள், இன்றும் அப்படித்தான். மக்கள் விடவில்லை. 22,000-க்கும் மேற்பட்ட ஆட்சேப மனுக்கள் போயின. அதில் ஒன்று, ரஸ்வார்ப் என்ற, கோலி இனத்து நாயின் பாதத் தடம் பதித்தது. டிக்கெட் எடுத்துப் பயணம் செய்த நாய் என்பதால் அதுவும் செல்லும் என்று ஏற்றுக்கொண்டார்கள். எட்டு நிலையங்கள் 1986-இல் மறுபடி திறந்தன. 1989 ஏப்ரலில், மூடப் போவதில்லை என்று அரசு சொன்னது.

அதற்குப் பிறகு வந்தது அந்த ரெண்டு பெட்டி வண்டி. பிரிட்டிஷ் ரயிலில் ஊர்ப்புறப் பாதைகளுக்கென்று இருந்த பிரிவு, ரீஜனல் ரயில்வேஸ், ஓட்டிய வண்டி. அரசு மானியம் அதிகம் தேவைப்பட்ட பிரிவும் அதுதான். நீராவி எஞ்சின் இன்றும் அந்தப் பாதையில் வருகிறது, சுற்றுலாவாக. ஆப்பிள்பி சந்தைக்குப் போய் மூட்டையோடு திரும்பும் பாட்டிக்கு வண்டி அந்த ஸ்பிரின்டர்தான். பாதை பிழைத்தது அந்தப் பாட்டிக்காக. அதனால்தான் நான் 1990-ஐச் செய்கிறேன். பன்னிரண்டு பெட்டி விரைவு வண்டியை வைத்தால் பலகையை அடைத்துக்கொண்டு நிற்கும். 136 சென்டிமீட்டர் பாலத்தின் மேல் 31 சென்டிமீட்டர் வண்டி ஊர்ந்து போகும்போதுதான் மலை மலையாகத் தெரிகிறது.

வாங்குவதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை லீட்ஸுக்கு வந்து, அங்கிருந்து அவனை டென்ட் நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். மெயின் லைனில் இங்கிலாந்திலேயே மிக உயரத்தில் இருக்கும் நிலையம் அது. காற்றில் பனி வந்து பாதையில் குவியாமல் தடுக்கப் பழைய ஸ்லீப்பர் கட்டைகளை நட்டு வைத்த வேலி மேலே தெரியும். செங்குத்தான ரோடு, மெதுவாக இறங்குங்கள். ஸ்டோன் ஹவுஸ் என்ற சின்ன ஊரில் இருந்து ஒரு பாதை ஏறி, ஆர்ட்டன் கில் பாலத்துக்கு அடியிலேயே போகும். தூணில் இருந்து 90 மீட்டர் எண்ணி நடக்கச் சொல்லுங்கள். வண்டி அடிக்கடி வராது, பிளாஸ்கில் டீ இருக்கட்டும். வண்டி போனதும், அவனுக்குத் தெரிந்ததை அல்ல, கண்ணில் பட்டதை மட்டும் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதட்டும். அந்தத் தாளை எனக்கும் அனுப்பினால், வண்ணம் கலப்பதில் இருந்து நாங்கள் இருவரும் பேச ஆரம்பிக்கலாம்.