கூரையில் கம்பி தெரிகிறதே!

கேள்வி: 1994-இல் கட்டிய வீடு. சமையலறைக் கூரையில் ஒரு முறம் அகலத்துக்குக் காரை பெயர்ந்து விழுந்து, துருப்பிடித்த கம்பி தெரிகிறது. சிமென்ட் வைத்துப் பூசிவிடலாம் என்கிறார் கொத்தனார். போதுமா? - வாசகி, நாகப்பட்டினம்

பதில்: போதாதும்மா. அடுத்த மழைக்காலத்தில் அதுவும் விழும். இரும்பு துருப்பிடித்தால் பல மடங்கு ஊதும். அதுதான் கான்கிரீட்டைத் தள்ளுகிறது. கம்பிக்குக் கீழே 20 மி.மீ. கான்கிரீட்டாவது இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் கட்டட வேலை செய்த நாங்கள், கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் சிறு சிமென்ட் கட்டையான கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லித் துண்டைக் கொடுத்துத் தூக்கிவைப்போம்; ஆள் மிதித்ததும் அது உருண்டு, கம்பி கீழே இறங்கிவிடும். பாவம் எங்களுடையதும்தான்.

முதலில் மொட்டை மாடியில் நீர் எங்கே தேங்கிக் கசிகிறது என்று பார்த்து அடைத்துவிடுங்கள். அப்புறம் சுத்தியலால் கூரை முழுக்கத் தட்டச் சொல்லுங்கள். 'டொக் டொக்' என்று உள்ளே காலியாக இருப்பதுபோல் கேட்கும் இடமெல்லாம் வெட்டியாக வேண்டும். கம்பியின் முதுகுப் பக்கமும் விரல் நுழையும்வரை கொத்தி, கம்பி பிரஷ்ஷால் பளபளவெனத் தேய்த்து, துத்தநாக பிரைமர் அடித்து, பாலிமர் கலந்த ரிப்பேர் கலவையை மெல்லிய அடுக்குகளாக வைத்து அழுத்த வேண்டும். ஒரே அப்பாக அப்பினால் தொங்கும்.

தேய்த்த பிறகு கம்பி கண்ணுக்குத் தெரியும்படி மெலிந்திருந்தால் கொத்தனாரை நிறுத்திவிட்டு, கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். அதுவரை அடுப்பை வேறு பக்கம் நகர்த்திவிடுங்கள்.