அப்பாவுக்கு முன்னால் குதித்தவர் யார்?

கேள்வி: என் அப்பாவுக்கு 81 வயது. இந்திய ராணுவத்தில் பாராசூட் பீல்டு ஆம்புலன்ஸ் பிரிவில் நர்சிங் அசிஸ்டென்ட். 1971 டிசம்பரில் வங்கதேசப் போரின்போது டாங்கைலில் பாராசூட்டில் குதித்தவர்களில் ஒருவர். நாயப் சுபேதாராக ஓய்வுபெற்று ஆரணிப் பக்கம் இருந்தார். அம்மா போன பிறகு இங்கே எங்களோடு இருக்கிறார். அவருடைய பழைய நோட்டில் கூட இருந்தவர்களின் முகவரிகள் இருக்கின்றன. பாதி எண்கள் வேலை செய்யவில்லை. காட்பாடி நண்பர் ஒருவர் இறந்த செய்தி ஐந்து மாதம் கழித்துத்தான் வந்தது. அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வாட்ஸ்அப் குழு ஒன்று ஆரம்பித்தேன், ஆறு பேர் சேர்ந்தார்கள். காலை வணக்கப் படங்களைத் தவிர வேறெதுவும் வருவதில்லை. தேசிய சேவையில் இருக்கும் என் மகன் வாரக் கடைசியில் உதவுவான். எங்கிருந்து தொடங்குவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தெம்பனிஸ், சிங்கப்பூர்

பதில்: காட்பாடிச் செய்தி தாமதமானதற்கு வாட்ஸ்அப்பைக் குறைசொல்லிப் பயனில்லை. யாருக்குச் சொல்ல வேண்டும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது, அவ்வளவுதான். இறந்த பெரியவரின் நண்பர்கள் எல்லாம் அவருடைய கைப்பேசிக்குள்தான் இருப்பார்கள். அவர் போனதும் அதை அணைத்து அலமாரியில் வைத்துவிடுவார்கள். ரீசார்ஜ் செய்யாத சிம் சில மாதங்களில் முடங்கி, எண்ணே வேறு ஆளுக்குப் போய்விடும். ஆகவே சிப்பாய்களின் பட்டியலை வீடுகளின் பட்டியலாக மாற்றுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே குறைந்தது மூன்று எண்கள் வேண்டும்: அவருடையது, மனைவியுடையது, மகன், மகள், மருமகள், பேரன் என யாராவது ஒருவருடையது. அந்த மூன்றாம் ஆளிடம் உங்கள் எண்ணைக் கொடுத்து, "நல்லது கெட்டது எதுவானாலும் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். கேட்காமல் யாரும் சொல்லமாட்டார்கள்.

பெயரை மட்டும் நம்பிப் பட்டியல் போடாதீர்கள். ஒரே பிரிவில் மூன்று முருகேசன்கள் இருப்பார்கள். ராணுவ எண்தான் ஆளைப் பிரித்துக் காட்டும். இதில் பலர் இடறும் ஓர் இடம் உண்டு. ஜேசிஓ, அதாவது நாயப் சுபேதார் போன்ற இளநிலை அதிகாரி, ஆனவுடன் பழைய எண் போய், ஜேசி என்று தொடங்கும் புது எண் வரும். அப்பாவுக்கே இரண்டு எண்கள் இருக்கும். பழைய நண்பர்கள் பழைய எண்ணைச் சொல்வார்கள், ஓய்வூதியத் தாளில் புதியது இருக்கும். இரண்டையும் எழுதிவையுங்கள். எண்ணின் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து இருந்தால் அதையும் விடாதீர்கள்.

இனி, நோட்டில் இல்லாதவர்கள். "கூட யாரெல்லாம் இருந்தார்கள்?" என்று பொதுவாகக் கேட்டால் அப்பா நாலு பெயரோடு நிறுத்திவிடுவார். ஸ்டிக் வரிசையில் கேளுங்கள். ஒரு விமானத்திலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகக் குதிப்பவர்களின் வரிசைதான் ஸ்டிக். ஒரு தாளில் கோடு கிழித்து அப்பாவின் பெயரை நடுவில் எழுதுங்கள். அவருக்கு முன்னால் குதித்தவர் யார், பின்னால் யார், ஏறிய விமானம் டக்கோட்டாவா பாக்கெட்டா, புறப்பட்ட விமானத்தளம் டம்டமா கலைகுண்டாவா என்று ஒவ்வொன்றாக நிரப்பச் சொல்லுங்கள். ஐம்பது வருடம் கழித்தும் முன்னால் நின்றவரின் முதுகு மறப்பதில்லை. அன்று, டிசம்பர் 11 அன்று, பூங்லி பாலத்தைப் பிடிக்க இறங்கியது 2 பாரா பட்டாலியன். அது மராத்தாக்காரர்களின் பட்டாலியன். பீரங்கி, இன்ஜினியர், மருத்துவக் குழு என்று கூடப் போனவர்கள் வேறு வேறு பிரிவினர். ஆகவே முன்னால் நின்றவர் கோலாப்பூர்க்காரராகவும் பின்னால் நின்றவர் கட்வால்காரராகவும் இருக்கலாம். குழுவில் புதிதாக ஒருவர் வந்து "நானும் டாங்கைல்" என்றால், இதே கேள்விகளே அவருக்கும் சோதனை.

இந்த ஆள் கலப்புதான் அடுத்த குழப்பத்துக்கும் காரணம். பாரா என்றதும் எல்லோரும் பெங்களூரு பாராசூட் ரெஜிமென்ட் மையத்துக்கு எழுதுகிறார்கள். ஆவணம் அவரவர் கோரின், அதாவது மருத்துவம், சிக்னல்ஸ் போன்ற துறைப் பிரிவின், ஆவண அலுவலகத்தில்தான் இருக்கும், கூடக் குதித்த பட்டாலியனில் அல்ல. அப்பாவைப் போல மருத்துவக் கோர் என்றால் லக்னோ. சிக்னல்ஸ் ஜபல்பூர், பீரங்கி நாசிக் ரோடு. மெட்ராஸ் சாப்பர்ஸும் (இன்ஜினியர் பிரிவு) பாராசூட் ரெஜிமென்ட்டும் பெங்களூரு. அடுத்தவர் முகவரியை எங்களுக்குக் கொடுங்கள் என்று கேட்டுப் பயனில்லை, கேட்பதும் முறையில்லை. நண்பருக்கு எழுதிய கடிதத்தை உறையிலிட்டு மூடி, எண், பெயர், பிரிவு, பணியாற்றிய வருடங்களைக் குறித்து, இதை அவருக்கோ குடும்பத்துக்கோ அனுப்பிவையுங்கள் என்று மேல்கடிதம் வையுங்கள். ஆள் தமிழ்நாட்டுக்காரர் என்றால் அதற்கு முன் அந்த மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். அங்கே விஷயம் சீக்கிரம் நகரும்.

நோட்டிலுள்ள முகவரிகளுக்கு வருவோம். பின்கோடு வந்ததே 1972 ஆகஸ்டில். அதற்கு முன் எழுதிய முகவரியில் அது இருக்காது. "வட ஆற்காடு மாவட்டம்" என்று இருந்தால் அந்த மாவட்டம் 1989-இல் பிரிந்தது. அதில் வந்த வேலூர் மாவட்டமும் 2019-இல் மூன்றானது. கட்வால் முகவரியில் உ.பி. என்றிருந்தால் இப்போது உத்தராகண்ட். "மேற்பார்வை 56 ஏபிஓ" என்றிருப்பதை அடித்துவிடுங்கள். அது அன்றைக்கு அவர் இருந்த யூனிட்டின் ராணுவ அஞ்சலக முகவரி, வீட்டு முகவரி அல்ல. ஊர், அஞ்சலகம், தாலுகா மூன்றும் தெரிந்தால் இந்திய அஞ்சல் துறை இணையதளத்தில் பின்கோட்டை எடுத்துவிடலாம். தொலைபேசியும் அப்படியே. 1990களின் ஆறு இலக்க வீட்டு எண்ணுக்கு முன்னால் 2 சேர்த்து, எஸ்டிடி குறியீட்டின் முதல் பூஜ்யத்தை நீக்கி, +91 போட்டு ஒருமுறை அடித்துப் பாருங்கள். பெரும்பாலும் இணைப்பே இருக்காது, ஆனாலும் செலவில்லாத முயற்சி.

கடிதங்களை சிங்கப்பூரிலிருந்து அனுப்ப வேண்டாம். பதில் போட வசதியாக இருக்கட்டும் என்று இங்கத்துத் தபால்தலை ஒட்டிய உறையை உள்ளே வைக்கிறார்கள். அந்தத் தலை இந்தியாவில் செல்லாது. ஆரணியில் இருக்கும் உறவினர் யாரையாவது ஸ்பீட் போஸ்டில் போடச் சொல்லுங்கள், ஆள் இல்லை என்று திரும்பினாலும் அவர் கைக்கே வரும். உள்ளே அவருடைய முகவரி எழுதிய அஞ்சலட்டை ஒன்று. கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் வாட்ஸ்அப் எண் பெரிதாக, தனி வரியில்.

பேச ஆரம்பித்த பிறகு குழு அழைப்பு வேண்டாம். காது மந்தமான ஐந்து பேர் ஒரே நேரத்தில் கத்தினால் யாருக்கும் எதுவும் கேட்காது. "சரி சரி, உடம்பைப் பார்த்துக்கோ" என்று முடிந்துவிடும். இருவர் மட்டும் பேசும் வீடியோ அழைப்பு, முகத்தில் வெளிச்சம், அப்பா காதுக்கருவி போடுபவர் என்றால் அதோடு கைப்பேசியை இணைத்துவிடுவது. இது பேரன் வேலை. இரவு 8 மணிக்கு இங்கே சாப்பாடு முடிந்து கூப்பிட்டால் இந்தியாவில் மாலை 5.30, நல்ல நேரம். அப்பா பழக்கதோஷத்தில் விடிகாலை எழுந்து 6 மணிக்கே அழைத்துவிடப் போகிறார், அங்கே அப்போது 3.30. மராத்திக்காரரோடும் கட்வால்காரரோடும் அப்பா ராணுவ இந்தியில் பேசிக்கொள்வார். உங்களுக்கு இந்தி வராவிட்டால் பிள்ளைகளோடு ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளைகள்தானே நமக்கு முக்கியம்.

குழுவைக் கலைக்க வேண்டாம், அறிவிப்புப் பலகையாக இருக்கட்டும். ஆனால் டிஸ்சார்ஜ் புத்தகம், பிபிஓ (ஓய்வூதிய ஆணை), ஆதார் படங்கள் ஒருபோதும் அதில் வரக்கூடாது. ஓய்வூதியக்காரர்களைக் குறிவைக்கும் மோசடிக்காரர்களுக்கு அது போதும். ராணுவ எண்களும் உங்கள் பட்டியலில் மட்டுமே.

ஒரு விஷயத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நண்பர்களின் வீட்டில் மூன்றாம் ஆளிடம் பேசும்போது, பெரியவரின் மனைவி பெயரும் பிறந்த தேதியும் பிபிஓவிலும் ஆதாரிலும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். லட்சுமி ஓர் இடத்தில் லட்சுமியம்மாள் ஆகியிருந்தாலே குடும்ப ஓய்வூதியம் தடைபட்டு, கணவரை இழந்த அம்மா அலுவலகம் அலுவலகமாக அலைய நேரலாம். பெரியவர் இருக்கும்போதே மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக ஆவண அலுவலகத்துக்கு எழுதித் திருத்திக்கொள்வது எளிது. இப்படி ஒரு வீட்டுக்கு உதவினால், அடுத்த முறை அவர்களே உங்களை அழைப்பார்கள்.

வருடத்துக்கு இரண்டு முறை பட்டியலைச் சரிபார்த்தால் போதும். டிசம்பர் 11 அன்று அப்பா கூடக் குதித்தவர்களை அழைக்கட்டும். ஜனவரி 14 முன்னாள் படைவீரர் தினம், பொங்கலை ஒட்டியே வருகிறது. அன்று நீங்களும் மகனும் அந்த மூன்றாம் எண்களை, முக்கியமாகப் பெரியவர் மறைந்துவிட்ட வீடுகளை, அழையுங்கள். முதல் அழைப்பு காட்பாடிக்குப் போகட்டும்.