நாலாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள், ஒருவரும் பேசுவதில்லை

கேள்வி: மரச்சாமான்கள் செய்யும் சிறிய பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். இரண்டு ஆண்டுகளாக இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் நாள் தவறாமல் பதிவிடுகிறேன். 4,000 பேர் பின்தொடர்ந்தும் ஒரு பதிவுக்கு 20 லைக் விழுவதே அரிது; அதிலும் பாதிப் பேர் உறவினர்கள். இன்னும் சில ஆயிரம் பேரை விலைக்குச் சேர்த்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா? அண்மையில் வாடிக்கையாளர் ஒருவர், எங்கள் மேசையின் இழுப்பறை திறக்க வரவில்லை என்று பதிவின் கீழே எழுதிவிட்டார். பெயர் கெட்டுவிடுமே என்று அதை நீக்கிவிட்டேன். செய்தது சரிதானா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, வாங்க வேண்டாம். இன்ஸ்டாகிராம் 2016-லேயே பதிவுகளை நேர வரிசைப்படி காட்டுவதைக் கைவிட்டு, யாருக்கு எதில் ஆர்வம் இருக்கும் என்று கணித்துக் காட்டத் தொடங்கிவிட்டது. “லைக் போடுங்கள், பகிருங்கள், நண்பரை டேக் செய்யுங்கள்” என்று கெஞ்சும் பதிவுகளைப் பின்னுக்குத் தள்ளப்போவதாக ஃபேஸ்புக் 2017 டிசம்பரில் அறிவித்தது. அடுத்த மாதமே, வணிகப் பக்கங்களின் பதிவுகளைவிட மனிதர்கள் தமக்குள் உரையாடும் பதிவுகளுக்கே முன்னுரிமை என்றும் சொல்லிவிட்டது. காசு கொடுத்துச் சேர்த்த கணக்குகள் எதையும் படிப்பதில்லை, எதையும் கேட்பதில்லை. ஆகவே, உங்கள் பதிவு யாருக்கும் வேண்டாத ஒன்று என்று அந்தத் தளங்களுக்கு நீங்களே சாட்சி சொல்வதாகத்தான் அது முடியும்.

கடிதத்தோடு அனுப்பியிருந்த முகவரியில் உங்கள் பக்கத்தைப் பொறுமையாகப் பார்த்தேன். வேலைப்பாடு நன்றாக இருக்கிறது. குறை அதில் இல்லை. நான்கு மாதங்களுக்கு முன் போட்ட புத்தக அலமாரிப் படத்தின் கீழே ஒருவர், “ஒரு தட்டு எத்தனை கிலோ தாங்கும்? நடுவில் வளையாதா?” என்று கேட்டிருக்கிறார். நீங்கள் எழுதிய பதில்: “இன்பாக்ஸுக்கு வரவும்.” அவர் வந்தாரா என்று நீங்கள் சொல்லவில்லை, வந்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். நானும் ஒருமுறை ஓர் இயந்திரத்தின் உதிரிப் பாகம் கிடைக்குமா என்று ஒரு நிறுவனத்தின் பதிவில் கேட்டு, அவர்கள் சொன்னபடியே இன்பாக்ஸுக்குப் போனேன். தானியங்கி வரவேற்பு ஒன்று உடனே வந்தது. மூன்றாம் நாள், “எந்தப் பொருள் வேண்டும்?” என்று கேட்டார்கள். அதற்குள் அதை வேறோர் இடத்தில் வாங்கி மாட்டியும் முடித்திருந்தேன்.

இணையத்தில் நூறு பேர் இருந்தால் ஏறத்தாழ 90 பேர் படிப்பதோடு சரி, 9 பேர் எப்போதாவது ஏதேனும் எழுதுவார்கள், ஒருவர்தான் ஓயாமல் எழுதுவார் என்று இணையதளப் பயன்பாட்டை ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2006-இல் எழுதினார். துல்லியமான கணக்கன்று, தோராயமான விதிதான். ஆனாலும் உங்கள் நிலைக்குப் பொருந்துகிறது. அலமாரியைப் பற்றி ஒருவர் கேட்ட அதே கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு, கேட்காமலே கடந்துபோனவர்கள் பலர் இருப்பார்கள். பதிலை இன்பாக்ஸுக்குள் கொண்டுபோனதால் அவர்கள் அத்தனை பேரையும் வெளியே நிறுத்திவிட்டீர்கள்.

அந்தக் கேள்விக்கு உங்களைவிட நன்றாக யார் பதில் சொல்ல முடியும்? அதே மரத்தில், அதே தடிமனில், பலகையின் நீளத்தை மட்டும் இரு மடங்காக்கி முழுக்கப் புத்தகம் அடுக்கினால் நடுவில் தொய்வு 16 மடங்காகிறது. பலகையின் தடிமனை இரு மடங்காக்கினால் அதே தொய்வு எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. நடுவில் ஒரு தாங்கு கொடுப்பது ஏன் என்பதும் இதிலேயே அடங்கிவிடுகிறது. இரண்டு பலகைகளை எடுத்து, செங்கல் அடுக்கி, அளவுகோலை நிறுத்திவைத்து ஒரு நிமிடம் படம்பிடித்தால், உங்கள் பக்கத்திலுள்ள காலை வணக்கப் படங்கள் அனைத்தையும்விட அதற்கு மதிப்பு அதிகம். என்ன பதிவிடுவது என்று தினமும் தவிக்கவும் வேண்டியிருக்காது. வாடிக்கையாளர்களே கேள்விகளைத் தந்துகொண்டிருப்பார்கள். நாள்தோறும் பதிவிடுவதை விட்டுவிட்டு வாரத்துக்கு இரண்டு போதும் என்று வைத்துக்கொண்டு, மிச்சமாகும் நேரத்தைப் பதில் எழுதச் செலவிடுங்கள்.

இழுப்பறை விஷயத்துக்கு வருகிறேன். வசைச் சொல்லாக இருந்தால் நீக்குவதில் தவறில்லை. குறையை நீக்கியது தவறு. எழுதியவர் அது காணாமற்போனதைக் கவனித்திருப்பார், அடுத்த முறை உங்கள் கை எட்டாத இடத்தில் எழுதுவார். ஈரக் காற்றில் மரம் உப்பும், அதுவும் நீளவாக்கில் அல்ல, இழைக்குக் குறுக்காகத்தான் உப்பும் என்பது உங்களுக்குத் தெரியும். வாங்குபவருக்கு அது தெரிந்திருக்க வேண்டியதில்லை. நீங்கள் இப்படி எழுதியிருக்கலாம்: “சிரமத்துக்கு வருந்துகிறேன், ஐயா. ஈரமான பருவத்தில் மரம் சற்று உப்பியிருக்கும். அதற்கான இடைவெளியை நாங்கள் போதுமான அளவு விடவில்லை. இந்த வாரமே வந்து ஓரத்தை இழைத்துத் தருகிறோம், கட்டணம் இல்லை.” இப்போதும் காலம் கடந்துவிடவில்லை. அவரைத் தொலைபேசியில் அழைத்து, நீக்கியதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேளுங்கள். போய்ச் சரிசெய்யும்போது அவர் இசைந்தால், இழைப்புளி ஓடுவதையும் இழுப்பறை வழுக்கிக்கொண்டு உள்ளே போவதையும் படமெடுத்து, நடந்ததை உள்ளபடியே எழுதிப் பதிவிடுங்கள். கூகுள் மேப்ஸில் வரும் மதிப்புரைகளுக்கும் இதே முறைதான். உறவினர்களை ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லாதீர்கள். படிப்பவர்களுக்கு அது எளிதில் பிடிபட்டுவிடும்.

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் ஆயத்தப் பதில்களைச் சேமித்துவைக்கும் வசதி இருக்கிறது. முகவரிக்கும் வேலை நேரத்துக்கும் மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். பதில் எழுதும் பொறுப்பை வெளி நிறுவனத்திடம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ரம்பத்தைக் கையில் பிடித்தறியாத ஒருவர் “தங்கள் ஆர்வத்துக்கு நன்றி” என்பதைத் தாண்டி என்ன எழுதிவிட முடியும்? நாளொன்றுக்கு அரை மணி நேரம் நீங்களே உட்காருங்கள்.

லைக் எண்ணிக்கையைச் சில மாதங்களுக்குப் பார்க்காமல் இருந்து, எத்தனை பேர் கேள்வி கேட்டார்கள், எத்தனை பேர் உங்கள் பதிவை இன்னொருவருக்கு அனுப்பினார்கள் என்பதைக் கவனியுங்கள். புதிதாக வருபவரிடம் எதைப் பார்த்து வந்தார் என்று கேட்டு, ஆர்டர் புத்தகத்தில் அவர் பெயருக்கு எதிரிலேயே குறித்துவையுங்கள்.

அலமாரிக் கேள்வி பழையதாகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். தாமதத்துக்கு வருந்துவதாக ஒரு வரி சேர்த்து, அதே படத்தின் கீழே இன்றே பதில் எழுதுங்கள். கேட்டவர் இந்நேரம் வேறு எங்கேனும் வாங்கியிருக்கக்கூடும். அடுத்து அலமாரி தேடி வருபவரும் அந்தப் படத்தைத்தான் பார்க்கப்போகிறார்.